மாட்டுக்கா, வீட்டுக்கா?

"மாட்டுக்கா ஆச்சி, வீட்டுக்கா?"

போன ஆடி அமாவாசையன்று காரைக்குடியில் ஒரு கோயில் வாசலில் கீரைக்கார அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது இது. சாக்கை விரித்து அகத்திக்கீரைக் கட்டுகளை இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் கட்டை வாங்கிய கையோடு நாலடி தள்ளிக் கட்டியிருந்த பசுக்களிடம் நீட்டினார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். நான் மட்டும் துணிப்பையை விரித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. பின்னால் கூட்டம் நெருக்கியது. "ஏதோ ஒண்ணு குடுங்கம்மா" என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். மேலே இருந்த ஒரு கட்டை எடுத்துப் பையில் வைத்தார். காசைக் கொடுத்துவிட்டுப் பள்ளத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அகத்திக்கீரையை வாங்குகிற மனிதரைப் பார்த்து, நீயா தின்னப் போகிறாய் என்று கேட்கும் காலம் வந்துவிட்டதா? ஆடி, புரட்டாசி, தை என்று மூன்று பெரிய அமாவாசைகளுக்கும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் அகத்தியில் எத்தனை கட்டு அடுப்படிக்குப் போகிறது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையில் 100 கிராம் அகத்திக்கீரைக்கு 1130 மில்லிகிராம் கால்சியம், 8.4 கிராம் புரதம் என்று போட்டிருக்கும். அதே அளவு பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம்தான். பசுவுக்குக் கீரையைக் கொடுத்துவிட்டுப் பாலை நாம் எடுத்துக்கொள்கிறோம். பசுவுக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னோரை நினைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். அதில் ஒரு பிடி நம் சட்டிக்கும் வரக்கூடாதா என்பதுதான் என் ஆற்றாமை.

இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள்தான், வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டை வந்த மேனிக்கே பிளாஸ்டிக் பைக்குள் திணித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். அன்றைக்கு அமாவாசைச் சமையல் ஏற்கெனவே முடிந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"எடுத்து எங்க வச்ச?"

மறுநாள் காலையில் பையைத் திறந்தால் உள்ளே முத்து முத்தாக வியர்த்திருந்தது. அகத்தியின் சிற்றிலைகள் காம்பைவிட்டுத் தாமாகவே உதிர்ந்து கிடந்தன. கட்டின் நடுவில் இருந்தவை கறுத்துக் கொழகொழவென்று விரலில் ஒட்டின. ஒடித்த பிறகும் கீரை மூச்சு விடுகிறது. அந்த மூச்சின் ஈரமும் சூடும் போக வழியில்லாமல் அடைத்து வைத்தால் அதிலேயே அது அழுகும். மூக்கால் தெரிந்துகொண்டேன். நல்லதாகத் தேறியதைப் பொறுக்கி எடுத்தேன். அதுவும் முற்றல் இலைதான், விரலில் நார் தட்டியது.

பிறகு செய்ததை வரிசையாகவே சொல்கிறேன். சென்னையில் இருபது வருஷம் சமைத்த கைப்பழக்கம் அது. கீரையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். பச்சையும் மஞ்சளுமாக இறங்கிய தண்ணீரைக் கொட்டினேன். மறுபடி தண்ணீர் வைத்தேன், மறுபடி கொட்டினேன். ஆறியதும் இரண்டு கையாலும் உருண்டையாகப் பிடித்து ஒட்டப் பிழிந்தேன். தாளித்து, தேங்காய்ப்பூ நிறையத் தூவி, ஒரு சிட்டிகை சீனியும் போட்டு இறக்கினேன். வாயில் போட்டுப் பார்த்தபோது துளிக் கசப்பு இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்பத்தாவுக்கு வயது எண்பத்தேழு. ஒரு காலத்தில் எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம், ஒன்றாக இருந்த வீட்டில் இப்போது இரண்டாங்கட்டின் ஓர் ஓரத்தில் அவரும் நானும் மட்டும்தான் உலை வைக்கிறோம். மற்ற பங்காளிகளின் அறைகள் எல்லாம் பூட்டு. தாழ்வாரப் பத்தியில் இலை போட்டுப் பரிமாறினேன். அப்பத்தா கீரையைச் சோற்றோடு பிசையவில்லை. ஒரு விரல்நுனி மட்டும் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். பல் போன வாயில் கீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவது கன்னத்தில் தெரிந்தது. விழுங்கினார். இன்னொரு விரல்நுனி எடுத்தார்.

"கசப்பு எங்கத்தா?"

"எடுத்துட்டேன் அப்பத்தா."

"எடுத்து எங்க வச்ச?"

"தண்ணிய ஊத்திட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் தண்ணீர் போகிற தூம்பு இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு இலையில் இருந்த கீரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "அப்ப நான் திங்கிறது சக்கை" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. மழை வருது, துணியை எடு என்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்று ராத்திரி நெடுநேரம் எனக்கு அதே நினைப்பு. எடுத்து எங்க வச்ச என்று கேட்டாரே, அதற்கு என்ன பொருள்? இந்த வீட்டில் எதையும் எடுத்தால் ஓரிடத்தில் வைப்பார்கள். அரிசி கழுவினால் கழுநீர் ஒரு சட்டியில் இருக்கும். தேங்காய் உடைத்தால் சிரட்டை ஓரிடத்துக்குப் போகும். மோரில் எடுத்த வெண்ணெய்க்கும் புளியில் எடுத்த கொட்டைக்கும் இடம் உண்டு. எடுத்து வைப்பதற்கு இடமில்லாத ஒரே பொருளாக நான் கசப்பை நடத்தியிருக்கிறேன். அது போகும்போது சும்மாவும் போகவில்லை. தண்ணீரில் கரைகிற வைட்டமின் சி, பி வகைகளையும் கூட்டிக்கொண்டு தூம்பு வழியாகப் போய்விட்டது. பசுவுக்காவது முழுக்கீரை கிடைத்தது. அப்பத்தாவுக்கு நான் வைத்தது நார்.

கசப்பும் பல சாதி

அதற்குப் பிறகுதான் கசப்பைக் கசப்பாகவே தின்று பார்க்கத் தொடங்கினேன். மனித நாக்கில் இனிப்பை அறிய ஒரே வகை ஏற்பிதான். கசப்பை அறிய சுமார் 25 வகை இருக்கின்றன. செடிகளில் உள்ள நஞ்சுகளில் பல கசப்பானவை என்பதால் உடம்பு அந்த வாசலில் அத்தனை காவல் போட்டிருக்கிறது. அதனால்தான் கசப்பு என்று ஒரே பேரில் சொன்னாலும் ஒவ்வொன்றும் வேறாக இருக்கிறது. அகத்தி மெதுவாக வரும். விழுங்கிய பிறகு அடிநாக்கில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்வரை போகாது. மணத்தக்காளி உடனே கடித்துவிட்டு உடனே ஓடிவிடும். வெந்தயக்கீரையின் கசப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே வரும். வேப்பம்பூவை நெய்யில் வறுத்தால் கசப்புக்கு முன்னால் ஒரு கருகல் மணம் வரும், அது தனிச் சுகம். இவற்றை எல்லாம் ஒரே மாதிரி வேகவைத்துப் பிழிந்தால் எல்லாம் ஒரே பச்சைச் சக்கைதான்.

அடுத்த முறை அப்பத்தாவே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். செய்தது கீரை மண்டி. எங்கள் பக்கத்தாருக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் நான் தவறவிட்டிருந்தவை அதில்தான் இருந்தன.

முதலில் தண்ணீர். அரிசியை முதல் தரம் களைந்த தண்ணீரில் தூசி இருக்கும், அது கொட்டப்பட்டது. இரண்டாம் கழுநீரை வெண்கலச் சட்டியில் பிடித்து வைக்கச் சொன்னார். கொஞ்சம் நேரம் போனதும் அடியில் மாவாகப் படிந்ததைக் கையால் கலக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த மண்டிதான் கறிக்குப் பேர் கொடுத்தது, குழம்புக்குக் கெட்டியும் அதுதான். இரண்டு பேருக்கு இரண்டு கைப்பிடி கீரை. கழுவிவிட்டு, பிறகு அரிவாள்மணையில் பொடிப்பொடியாக அரிய வேண்டும். அரிந்துவிட்டுக் கழுவினால் வெட்டுவாய் வழியாகச் சத்து இறங்கிப் போகும். நல்லெண்ணெய் காய்ந்ததும் உளுந்து, சீரகம், இரண்டு வரமிளகாய். பதினைந்து சின்ன வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு. வெங்காயம் கண்ணாடியானதும் கீரை. கீரை சுருண்டதும் உப்பு.

நான் வழக்கப்படி உப்பைக் கடைசியில் போட ஒதுக்கி வைத்திருந்தேன். "இப்பப் போடு. கசப்பை அடக்குறது உப்புத்தான், சீனி இல்ல" என்றார். இது வெறும் கைப்பக்குவம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உப்பிலுள்ள சோடியம் நாக்கு கசப்பை உணர்வதையே குறைக்கிறது. சீனி போட்டால் கசப்புக்கு மேல் தித்திப்பு ஏறி இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். உப்பு போட்டால் கசப்பு தன் இடத்தில் ஒடுங்கி உட்காரும்.

கழுநீரை ஊற்றியதும் என் கை தானாக மூடியைத் தேடியது. "மூடாத" என்றார். காரணம் கேட்டேன். "மூடுனா பழுத்துப் போகும்" என்றார். இலை வேகும்போது அதிலுள்ள புளிப்புப் பொருள்கள் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடி வைத்தால் அவை திரும்பச் சட்டியில் விழுந்து இலையின் பச்சையத்தைக் கெடுக்கும். பச்சை போய்ப் பழுப்பு வரும். புளி சேர்த்தால் கீரை நிறம் மங்குவதும் இதனால்தான். அதனால் அகத்தி மண்டிக்கு அவர் புளி விடுவதில்லை. பத்து நிமிஷத்தில் கீரை வெந்தது. அடுப்பை அணைத்த பிறகு அரைமூடித் தேங்காயின் முதல் பாலை விட்டு ஒரு கிண்டு. கொதிக்க விட்டால் பால் திரியும்.

அன்று நான் சாப்பிட்ட அகத்தியில் கசப்பு இருந்தது. கழுநீரின் கொழுமையும் தேங்காய்ப்பாலும் முதலில் வந்தன, வெங்காயத்தின் தித்திப்பு அடுத்து வந்தது, கடைசியில் அது வந்தது. வந்து கொஞ்ச நேரம் இருந்தது. அப்பத்தா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் ஏன் அகத்தியையும் நெல்லிக்காயையும் சுண்டைக்காயையும் கொண்டு வந்து வைத்தார்கள் என்பதும் அப்போது நாக்குக்குப் புரிந்தது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வாய்க்கு முதலில் கொடுக்கத் தக்கது என்று நம்மவர்கள் கண்டது இந்தக் கசப்பையும் துவர்ப்பையும்தான்.

எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது

சட்டியில் ஒரு கரண்டி மிஞ்சியிருந்தது. ராத்திரிக்கு ஆகும் என்று மூடி வைக்கப் போனேன். கூடாது என்றுவிட்டார். ராத்திரி கீரை ஆகாது என்பதைச் சின்ன வயதில் ஏதோ கட்டுப்பாடு என்று நினைத்திருக்கிறேன். சமைத்த கீரை நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால், அதில் இயல்பாக இருக்கும் நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்கத் தொடங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ராத்திரிச் சட்டியில் இருந்த கீரை காலையில் ஆக்கியதுதானே.

ஆனால் இந்த வீடு எதையும் சேர்த்து வைக்காத வீடு இல்லை. சாமான் அறையைத் திறந்தால் இடுப்பளவு பீங்கான் ஜாடிகளும் மங்குச் சட்டிகளும் வரிசையாக நிற்கும். அவற்றில் பலவற்றில் இருந்தது கசப்புத்தான். சுண்டை வற்றல், மிதுக்கு வற்றல், மணத்தக்காளி வற்றல், பங்குனி சித்திரையில் மரத்தடியில் துணி விரித்துப் பிடித்த வேப்பம்பூ. மணத்தக்காளியின் பச்சைக்காயில் சொலனைன் போன்ற நச்சுப்பொருள்கள் இருப்பதால் அதைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். அதே காயை உப்பு மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படி மூன்று நான்கு நாள் செய்தால் வருஷம் முழுக்கக் கிடக்கும் வற்றல். ஐப்பசி மழைக்கு முன்னால் ஜாடியைக் கவிழ்த்து ஒரு வெயில் காட்டினால் பூச்சி வராது. இத்தனையும் சேர்த்து வைத்தவர்கள் அகத்தி இலையை ஏன் ஒரு ஜாடியில் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அதை மரத்துல வச்சிருந்தோம்" என்றார் அப்பத்தா.

கேணியடியில், குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் அந்தக் காலத்தில் நாலைந்து அகத்தி நின்றதாம். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏற நட்ட அகத்தியிலிருந்து விதை வந்தது. அவரை, துவரை குடும்பத்து மரம் என்பதால் மண்ணையும் வளமாக்கும். கிடுகிடுவென்று வளரும், ஒரே வருஷத்தில் ஆளுயரம் தாண்டும். மரம் மென்மை, பெருங்காற்றுக்கு ஒடியும், ஆயுசும் சில வருஷம்தான். அதனால் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் பக்கக் கிளை வரவைப்பார்கள். உலை வைத்த பிறகு போய் ஒடித்து வருவார்கள். இலைக்கும் சட்டிக்கும் நடுவில் கால்மணி நேரம்.

எனக்கு இன்னும் மரம் இல்லை. விதை போட்டதில் இரண்டு முளைத்து முழங்கால் உயரம் வந்தன. ஒன்றை ஆடு தின்றுவிட்டது. அதனால் இந்த ஆறு மாதமாகக் கீரையை வைத்துக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். கழுவாமல் வைக்க வேண்டும், இது முதல். கட்டைப் பிரித்து, பழுத்ததையும் கசங்கியதையும் தள்ளி, பழைய பருத்தி வேட்டித் துண்டில் தளரச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் அகத்தி இரண்டு நாள் தாங்குகிறது, மூன்றாம் நாள் உதிரத் தொடங்குகிறது. வெந்தயக்கீரை நாலு நாள் தாங்குகிறது. பக்கத்தில் வாழைப்பழத்தை வைத்த அன்று மட்டும் ஒரே ராத்திரியில் மஞ்சளடித்தது. பழம் விடும் எத்திலீன் வாயு இலையையும் பழுக்கவைத்துவிடும். காம்போடு சொம்புத் தண்ணீரில் பூங்கொத்துப் போல் நிறுத்தி மேலே ஈரத்துணி போர்த்தினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே மறுநாள் மதியம் வரை நிற்கிறது.

கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, வடித்து, சின்னச் சின்ன உருண்டையாக ஃப்ரீசரில் வைத்தேன். முக்கினால்தான் இலையைக் கெடுக்கும் நொதிகள் அடங்கும், முக்காமல் வைத்தது இரண்டு வாரத்தில் வைக்கோல் நாற்றம் அடித்தது. முக்கியது மண்டிக்கு ஆகிறது, துவட்டல் என்கிற பொரியலுக்கு ஆகவே ஆகாது, துவண்டு ஈரம் விடும். வளவு முற்றத்துத் தூண்களுக்கு நடுவே நிழலில் மெல்லிய துணி மூடி நாலு நாள் உலர்த்தியும் பார்த்தேன். நொறுங்கக் காய்ந்து, பச்சை மாறாமல் வந்தது. பொடித்துத் தோசைப்பொடியில் கலந்தேன். கசப்பு இருந்தது, கீரையின் பச்சை வாசம் போயிருந்தது. அப்பத்தா தொட்டுப் பார்த்துவிட்டு, "மருந்துக்கு ஆகும், சோத்துக்கு ஆகாது" என்றார். எனக்கும் அதே முடிவுதான்.

மகாளய அமாவாசைக்கு மறுபடி அதே கோயில் வாசலுக்குப் போனேன். அதே அம்மா, அதே சாக்கு, அதே கேள்வி. இந்த முறை "வீட்டுக்கு" என்று அழுத்திச் சொன்னேன். அவர் அடுக்கைத் தொடவே இல்லை. முதுகுக்குப் பின்னால் நிழலில் ஓர் ஈரச் சாக்கு கிடந்தது, அதைத் தூக்கினார். உள்ளே பத்துப் பதினைந்து சின்னக் கட்டுகள், எல்லாம் இளசு, காம்பு நகம் பட்டால் ஒடியும் பதம். மாட்டுக்குக் கிளையோடு முற்றல்தான் பிடிக்கும், அது முந்தின நாள் சாயங்காலமே வெட்டி ஏற்றுவது. வீட்டுக்கு என்றால் விடியுமுன் கொழுந்துக்கு அடுத்த இலையாகப் பார்த்து ஒடிப்பது. வெயில் பட்டால் வாடும் என்று உள்ளே வைத்திருக்கிறார். கேட்டவர்களுக்குத்தான் எடுப்பாராம்.

"அன்னைக்கு ஏதோ ஒண்ணுன்னு சொல்லிட்டீக" என்றார். ஆடியில் வந்த என்னை அவருக்கு நினைவிருந்தது.

ஒரு கட்டை எடுத்தவர் நிறுத்தி, "எத்தனை பேருக்கு ஆச்சி?" என்றார்.

"ரெண்டு பேருக்கு."

வாழைநாரை அவிழ்த்து, கீரையைப் பாதியாகப் பிரித்து என் பையில் போட்டார். பாதிக் காசுதான் வாங்கினார். மிச்சப் பாதியை நாரால் மறுபடி கட்டி ஈரச் சாக்குக்குள் சொருகிவிட்டு, "இன்னைக்கே ஆக்கிருங்க, வைக்காதீக" என்று சொல்லிக்கொண்டே எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "மாட்டுக்கா, வீட்டுக்கா?" என்றார்.